ஃப்ளாட் போர்ட்டா, டோமா, வெட் லென்ஸா? ஹவுசிங் வாங்கறதுக்கு முன்னாடி முடிவு பண்ண வேண்டியது

தண்ணிக்குள்ள கேமரா எடுத்துட்டு போகணும்னு ஆரம்பிக்கறவங்க எல்லாரும் முதல்ல கேக்கறது எந்த கம்பெனி ஹவுசிங் நல்லதுன்னு தான். நாட்டிகாமா, ஐகெலைட்டா, ஐசோட்டாவா, அலுமினியமா, பாலிகார்பனேட்டான்னு ஒரு வாரம் சண்டை ஓடும். என்னைக் கேட்டா அது ரெண்டாவது கேள்வி. ஹவுசிங்ங்கறது தண்ணி புகாத பெட்டி, ஷட்டரும் நாலு டயலும் கைக்கு எட்டினா வேலை முடிஞ்சது. படம் எப்படி வரும்ங்கறத முடிவு பண்றது அதுக்கு முன்னாடி மாட்டற போர்ட். அத வெறும் ஜன்னல் கண்ணாடின்னு நெனச்சு கடைசில "ஆங், ஒரு போர்ட்டும் சேத்து அனுப்புங்க"ன்னு சொல்றவங்க தான் அதிகம், ஆனா தண்ணிக்குள்ள போனதும் அந்தக் கண்ணாடி உங்க லென்ஸோட இன்னொரு எலிமென்ட் ஆயிடுது, அதுக்கு தகுந்த மாதிரி லென்ஸோட குணமே மாறிடுது.

பேச வசதியா ஒரு கேஸ் எடுத்துக்கலாம். சோனி ஏ7சி மாதிரி ஒரு ஃபுல் ஃப்ரேம் பாடி, கையில கிட்டோட வந்த 28-60 லென்ஸ், அலுமினியம் ஹவுசிங்குக்கு பட்ஜெட் இருக்கு. கேனான் ஆர், நிக்கான் இசட் வச்சிருக்கறவங்களுக்கும் லாஜிக் இதே தான், லென்ஸ் பேரு மட்டும் மாறும். இவருக்கு முன்னாடி நாலு வழி இருக்கு: 16-35 மாதிரி வைட் ஜூம் போட்டு பெரிய டோம், ஃபிஷ்ஐ (180 டிகிரி வரைக்கும் பாக்கற, கோட்ட வளைச்சு காட்டற லென்ஸ்) போட்டு சின்ன டோம், இருக்கற 28-60க்கு ஃப்ளாட் போர்ட் மாட்டி அதுக்கு மேல வெட் லென்ஸ், இல்லன்னா 90 மேக்ரோவுக்கு ஒரு ஃப்ளாட் போர்ட்.

முதல்ல ஃப்ளாட், அதாவது தட்டைக் கண்ணாடி போர்ட். பத்தாவது சயின்ஸ் புக்ல வர்ற ஒளிவிலகல் தான், புதுசா ஒண்ணுமில்ல. தண்ணியோட ஒளிவிலகல் எண் 1.33, காத்தோடது 1. வெளிச்சம் தண்ணில இருந்து தட்டைக் கண்ணாடி வழியா உள்ள இருக்கற காத்துக்கு வரும்போது வளையுது, மீன் தொட்டிய நேரா நின்னு பாத்தா மீன் பக்கத்துல பெருசா தெரியுதே, அதே கதை. பொருள் கால் பங்கு கிட்ட வந்த மாதிரி இருக்கும், ஃபோகல் லென்த் 1.33 ஆல பெருக்கின மாதிரி ஆயிடும். 35 எம்எம் போட்டா 47 எம்எம் மாதிரி தெரியும். 16 எம்எம் போட்டாலும் மூலைக்கு மூலை சுமார் 75 டிகிரிக்கு மேல வராது, தரையில 28ல எடுத்த மாதிரி தான் இருக்கும், அதுவும் மூலைல கலர் பிரிஞ்சு, ஓரமெல்லாம் இழுபட்டு. எவ்வளவு வைடான லென்ஸ் போட்டாலும் ஃப்ளாட் வழியா 97 டிகிரிய தாண்டவே முடியாது, அது கண்ணாடியோட தரக்குறைவு இல்ல, இயற்பியலோட எல்லை. அதனால வைடுக்கு வெறும் ஃப்ளாட் போர்ட்டுங்கறது பேச்சுக்கே இல்ல, அத இப்பவே அடிச்சிடலாம்.

டோம் என்ன பண்ணுதுன்னா, கண்ணாடி ஒரு கோளத்தோட துண்டா இருக்கு, லென்ஸோட என்ட்ரன்ஸ் பியூபில் (முன்னாடி இருந்து பாத்தா லென்ஸுக்குள்ள தெரியற துவாரம்) சரியா அந்தக் கோளத்தோட மையத்துல உக்காந்துச்சுன்னா எல்லாக் கதிரும் கண்ணாடிய நேர்க்குத்தா கடந்து வரும், வளையாது. தரையில என்ன ஆங்கிள் கெடைக்குமோ அது தண்ணிலயும் கெடைக்கும். இதுவரைக்கும் எல்லாரும் சொல்லுவாங்க. பெரும்பாலும் சொல்லாம விடற விஷயம் அடுத்தது: டோமே தண்ணிக்குள்ள ஒரு மைனஸ் லென்ஸா வேலை செய்யுது. கேமரா பாக்கறது மீனை இல்ல, மீனோட மாய பிம்பத்த. அந்த பிம்பம் டோமுக்கு ரொம்பக் கிட்ட உருவாகுது. கணக்கு சிம்பிள், எல்லையில்லா தூரத்துல இருக்கற பொருளோட பிம்பம் டோமோட ஆரத்தப் போல மூணு மடங்கு தூரத்துல விழும். ஆரம் 10 செமீ இருக்கற டோம்னா, அம்பது மீட்டர் தள்ளி நிக்கற கப்பலும் உங்க லென்ஸுக்கு கண்ணாடில இருந்து 30 செமீல தான் இருக்கு. கண்ணாடில இருந்து 30 செமீல இருக்கற ஒரு மீன் எங்க தெரியும்னு போட்டுப் பாத்தா சுமார் 13 செமீ வருது. அதாவது 30 செமீல இருந்து முடிவில்லாத கடல் வரைக்கும் மொத்த உலகமும் 13க்கும் 30க்கும் நடுவுல 17 செமீக்குள்ள அடங்கிப் போச்சு.

இதுல இருந்து ரெண்டு விஷயம் நேரா வருது. ஒண்ணு, கிட்ட ஃபோகஸ் பண்ண முடியாத லென்ஸ் டோமுக்குள்ள வேலைக்கு ஆகாது, தரையில எவ்வளவு பேர் வாங்கின லென்ஸா இருந்தாலும் சரி. பழைய கோப்ரோ ஹீரோ2 கூட வந்த ஹவுசிங்ல முன்னாடி வளைஞ்ச கண்ணாடி இருந்துச்சு, தண்ணிக்குள்ள போனா எல்லாமே மங்கல், ஏன்னா அது ஃபிக்ஸட் ஃபோகஸ், இவ்வளவு கிட்ட வந்து நிக்கற பிம்பத்த புடிக்க அதால முடியல, அப்புறம் தட்டைக் கண்ணாடி போட்டு தான் சரி பண்ணாங்க. ரெண்டாவது, டோம் சின்னதாக ஆக பிம்பம் இன்னும் கிட்ட வரும், இன்னும் அதிகமா வளைஞ்சு இருக்கும், அதனால தான் மூலை மங்கற தொல்லை.

இப்ப பெரிய டோம் பக்கம் வருவோம். எட்டு இஞ்ச், ஒம்பது இஞ்ச், 230 எம்எம்னு பாக்கவே கம்பீரமா இருக்கும், டைவ் போட்ல எடுத்து வச்சா எல்லாரும் திரும்பி பாப்பாங்க. 16-35 மாதிரி நேர்கோட்ட நேர்கோடாவே காட்டற லென்ஸுக்கு இது கண்டிப்பா வேணும், ஏன்னா அந்த லென்ஸ் தட்டையான பிம்பத்த எதிர்பாக்குது, டோம் குடுக்கறதோ வளைஞ்சத, நடுவுல ஃபோகஸ் வச்சா ஓரம் வெளில போயிடும். டோம் பெருசா இருந்தா வளைவு குறையும், அப்படி இருந்தும் லென்ஸோட துவாரத்த எஃப்11, எஃப்13னு அடைச்சா தான் மூலை ஓரளவுக்கு ஒத்துக்கற மாதிரி வரும். அவ்வளவு அடைச்சா ஸ்ட்ரோப் (தண்ணிக்குள்ள அடிக்கற ஃபிளாஷ்) ஃபுல் பவர்ல அடிக்கணும், இல்லன்னா ஐஎஸ்ஓ ஏறும். உள்ள ஃபில்டர் மாதிரி மாட்டற கரெக்டர் லென்ஸ் சீ அண்ட் சீ கம்பெனி போடுறாங்க, அது மூலைய நல்லாவே தேத்தும், ஆனா அதுக்கும் தனியா காசு.

காசு ஒரு பக்கம் இருக்கட்டும், தூக்கிட்டு அலையறத யோசிங்க. 10 செமீ ஆரத்துல முழு அரைக்கோளம்னா உள்ள ரெண்டு லிட்டருக்கு மேல காத்து. அதாவது கண்ணாடியோட எடைய கழிக்கறதுக்கு முன்னாடி சுமார் ரெண்டு கிலோ மேல தூக்குற விசை, அதுவும் சரியா ஹவுசிங்கோட மூக்குல. அக்ரிலிக் டோமா இருந்தா கேமரா முழு டைவும் வானத்தப் பாத்துட்டே இருக்கும், நீங்க மணிக்கட்டால அமுக்கிட்டே இருக்கணும், மேல வந்ததும் கை விண்விண்ணுன்னு வலிக்கும். போர்ட் பிளேர் ஃபிளைட்ல கேபின்ல 7 கிலோ தான் விடுறாங்க, ஹவுசிங்கும் பாடியும் போனா அந்த டோம் செக்-இன்ல தான் போகும், அதுக்கு மேல உங்க குலதெய்வம் தான் காவல்.

அப்ப யாருக்கு பெரிய டோம்? என் கணக்குல ரெண்டே ரெண்டு கூட்டம். பாதி தண்ணி பாதி வானம்னு ஸ்ப்ளிட் எடுக்கறவங்க, அப்புறம் கோடு நேரா இருந்தே ஆகணும்னு நிக்கறவங்க. மூழ்கின கப்பலோட கைப்பிடிக் கம்பி, பீரங்கிக் குழாய் எல்லாம் ஃபிஷ்ஐல வில்லு மாதிரி வளைஞ்சா பிடிக்காதுன்னு சிலர் இருக்காங்க, மட்டக்களப்புக்கு வெளில 1942 ஏப்ரல்ல ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டு மூழ்கடிச்ச ஹெர்மிஸ் கப்பல் மாதிரி இடத்துக்கு இறங்கற டெக்னிக்கல் டைவர்கள்ல அந்த மாதிரி ஆளுங்க உண்டு. ஆனா அதுலயும் ஒரு சிக்கல், நேர்கோட்டு லென்ஸ் கோட்ட நேரா வச்சாலும் ஓரத்துல இருக்கற ஆளோட துடுப்புக் கால இழுத்து நீட்டிடும். ரெண்டுல ஒண்ணு வளையத்தான் செய்யும், எத வளைய விடறதுன்னு தான் சாய்ஸ்.

ஸ்ப்ளிட்டுக்கு ஏன் பெருசு வேணும்னா, கண்ணாடில தண்ணிக் கோடு ஏறி நிக்கற அந்த விளிம்பு எல்லா டோம்லயும் கிட்டத்தட்ட ஒரே தடிமன் தான், சின்ன டோம்ல அது படத்துல பெரிய பட்டையா விழும், பெருசுல மெல்லிசா போயிடும். அலை கொஞ்சம் இருந்தாலும் சமாளிக்கலாம். கீழ் பாதி பிம்பம் 30 செமீல, மேல் பாதி நிஜமான தூரத்துல, ரெண்டையும் ஒரே படத்துல புடிக்க எஃப்16 வரைக்கும் போய் ஃபோகஸ தண்ணிப் பக்கம் வைக்கணும். டோம முழுக்க முக்கி எடுத்து தண்ணி வழியற அந்த கணத்துல அமுக்கணும், துளி துளியா நிக்க ஆரம்பிச்சா வானத்துல முத்து முத்தா பொட்டு விழும். எச்சில் துப்பித் தேச்சா கொஞ்சம் தாங்கும், மாஸ்க்குக்கு செய்யறமே அதே வைத்தியம்.

சின்ன டோம் கூட ஃபிஷ்ஐ, இது தான் எனக்கு மனசுக்கு புடிச்ச காம்பினேஷன், சொல்லிடறேன், அதனால கொஞ்சம் பாரபட்சம் இருந்தா பொறுத்துக்கோங்க. கேனான் 8-15 ஃபிஷ்ஐய அடாப்டர் வச்சு சோனில மாட்டி 140 எம்எம் கண்ணாடி டோம் போடறது ரொம்ப பேர் பயன்படுத்தற செட்டப். சென்சார் கொஞ்சம் சின்னதா இருக்கற ஏபிஎஸ்-சி பாடி வச்சிருக்கறவங்க டோக்கினா 10-17 கூட 4 இஞ்ச் டோம் போட்டு வருஷக்கணக்கா ஓட்டிட்டு இருக்காங்க. ஃபிஷ்ஐ நேர்கோட்ட நேராக்க மெனக்கெடாததால டோமோட வளைவு அதுக்கு அவ்வளவு உறுத்தாது, எஃப்8லயே மூலை உருப்படியா இருக்கும். கிட்ட ஃபோகஸ் ஆகும், டோமே சின்னது, அதனால பவளத்துக்கு ஒரு சாண் கூட இல்லாத தூரத்துல கண்ணாடிய கொண்டு போய் வச்சு முன்னாடி மீனும் பின்னாடி முழு ரீஃபும் சூரியனும் வர்ற மாதிரி எடுக்கலாம். எட்டு இஞ்ச் டோமால இத முயற்சி பண்ணிப் பாருங்க, டோமே ஸ்ட்ரோப் வெளிச்சத்த மறைச்சு முன்னாடி நிழல் விழும், ஸ்ட்ரோப்ப சுத்தி கொண்டு வர கையும் பத்தாது.

இன்னொரு காரணம் தண்ணி. அந்தமான், லட்சத்தீவு மாதிரி தெளிவு எல்லா இடத்துலயும் கெடைக்காது, புதுச்சேரி, கோவளம் பக்கம் இறங்கறவங்களுக்கு தெரியும், ஒரு நாள் கண்ணாடி, மறுநாள் மோர். கலங்கின தண்ணில படம் நல்லா வர ஒரே வழி உங்களுக்கும் பொருளுக்கும் நடுவுல இருக்கற தண்ணிய குறைக்கறது தான். பெரிய மீன கூட அரை மீட்டர்ல எடுக்கணும்னா வைடு வேணும், கிட்ட போக சின்ன டோம் வேணும். குறைன்னு பாத்தா, ஃபிஷ்ஐல ஜூம் கிடையாதுன்னே வச்சுக்கலாம், வெக்கப்பட்டு நாலு மீட்டர் தள்ளியே நிக்கற திருக்கை, சுறாவெல்லாம் படத்துல எறும்பு சைஸுக்கு போயிடும். மான்டா திருக்கையே உங்க மேல ஏறி வந்தா தான் உண்டு.

அந்தக் குறைக்கு பதில் தான் மூணாவது வழி, வெட் லென்ஸ். ஃப்ளாட் போர்ட்டுக்கு வெளில, தண்ணிக்குள்ளயே மாட்டற வைட் லென்ஸ். தண்ணியத் தொட்டு நிக்கற மாதிரியே கணக்கு போட்டு செஞ்ச கண்ணாடிங்கறதால டோமோட மாய பிம்பத் தலைவலி எல்லாம் வடிவமைப்புலயே தீர்த்துடறாங்க. யோசனை பழசு தான், 1963ல வந்த நிக்கோனாஸ் கேமராவுக்கு நிக்கான் போட்ட 28, 15 எம்எம் லென்ஸெல்லாம் தண்ணில நேரா தொடற மாதிரி செஞ்சது, அதோட 15 எம்எம் படங்கள இன்னைக்கு பாத்தாலும் மூலை வரைக்கும் கூர்மையா இருக்கும். 2001ல நிக்கான் அந்த வரிசைய மூடிட்டாங்க, விட்ட இடத்துல இருந்து இப்ப நாட்டிகாம் மாதிரி கம்பெனிங்க பிடிச்சிருக்காங்க.

நம்ம கேஸ்ல இருக்கற 28-60க்கு நாட்டிகாமோட டபிள்யூடபிள்யூஎல்-1ங்கற வெட் லென்ஸ் மாட்டினா 130 டிகிரி கெடைக்குது. ஃபிஷ்ஐயோட 180 இல்ல, ஆனா 16-35ஓட வைட் முனைய விட அதிகம். அதோட ஜூம் முழுக்க வேலை செய்யும், ரீஃப் எடுத்துட்டு இருக்கும்போது தூரத்துல ஆமை வந்தா சுருக்கிக்கலாம், கண்ணாடில ஒட்டற அளவுக்கு கிட்டயும் ஃபோகஸ் ஆகும். அதுக்கு நிகரான மூலைய டோமுக்குள்ள 16-35ல எடுக்கணும்னா ஒண்ணு ரெண்டு ஸ்டாப் கூட அடைக்கணும். தரையில யாருமே மதிக்காத சாதா கிட் லென்ஸு தான் தண்ணிக்குள்ள ஹீரோ. சுண்டைக்கா கால் பணம் சுமைகூலி முக்கால் பணம்னு சொல்ற மாதிரி லென்ஸ் விலைய விட அதுக்கு மேல மாட்டற கண்ணாடி பல மடங்கு விலை, அது உண்மை தான். ஆனா டோம், அத லென்ஸுக்கு தகுந்த தூரத்துல தள்ளி வைக்கற எக்ஸ்டென்ஷன் ரிங், வைட் லென்ஸ், வெளில இருந்து ஜூம் திருப்பற கியர்னு மொத்தமா கூட்டிப் பாத்தா பெரிய வித்தியாசம் நிக்கறதில்ல.

தொல்லை இல்லாம இல்ல. இறங்கினதும் போர்ட்டுக்கும் வெட் லென்ஸுக்கும் நடுவுல காத்துக் குமிழி மாட்டிக்கும், முதல் அஞ்சு மீட்டர்லயே லென்ஸ கழட்டி ஒரு ஆட்டு ஆட்டி திரும்ப மாட்டணும், மறந்தா படத்துல மேல் பக்கம் வெள்ளையா ஒரு பிறை மாதிரி ஏதோ மிதக்கும். எடை ஒரு கிலோவுக்கு மேல, மிதக்க வைக்கற ஃப்ளோட் காலர் இல்லாத மாடல்னா கைய விட்டு நழுவினா நேரா அடிக்கு போயிடும், அதனால கயிறு கட்டாம கழட்டாதீங்க. ஸ்ப்ளிட் மட்டும் சுத்தமா நடக்காது, மேல் பாதில தண்ணி இல்லன்னா அந்த கண்ணாடியோட கணக்கே தப்பிடும்.

மேக்ரோ பக்கம் சண்டையே இல்ல. ஃப்ளாட் போர்ட், முடிஞ்சது. வைடுக்கு கெட்டதா இருந்த அதே ஒளிவிலகல் இங்க நமக்கு சாதகம், 90 மேக்ரோ போட்டா ஒண்ணுக்கு ஒண்ணு அளவு அப்படியே இருக்கும், பொருளுக்கும் கண்ணாடிக்கும் நடுவுல இருக்கற தண்ணி தூரம் மட்டும் கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு கூடும். அனிமோன் மேல நடக்கற அந்த கண்ணாடி இறாலு, அரிசி சைஸ் நூடிபிராங்க் (ஓடு இல்லாத கடல் நத்தை) இதெல்லாம் கொஞ்சம் தள்ளி நின்னே எடுக்கலாம், ஸ்ட்ரோப்புக்கும் இடம் கெடைக்கும். போர்ட்டோட நீளம் மட்டும் லென்ஸுக்கு சரியா பொருந்தணும், தேவைக்கு மேல நீளமா இருந்தா அந்த தூரம் வீணாப் போகும், வெளில டயாப்டர் (இன்னும் பெருசா காட்டற க்ளோஸ்-அப் லென்ஸ்) மாட்டினா அதோட பலனும் குறையும். எம்67 மரை (67 எம்எம் திருகு) இருக்கற போர்ட்டா பாத்து வாங்கினா அந்த டயாப்டரெல்லாம் நேரா ஏறும். மேக்ரோ லென்ஸ டோமுக்குள்ள போடலாமான்னு ஒருத்தர் கேட்டாரு, படம் வரும், ஆனா மேல சொன்ன தண்ணி லாபம் போச்சு, அப்புறம் ஏன்?

கண்ணாடியா அக்ரிலிக்கான்னு ஒரு சண்டை ஓடும். கண்ணாடி சீக்கிரம் கீறாது, கோட்டிங் இருக்கறதால சூரியன பாத்து எடுத்தா பேய் வட்டம் குறைவு, எடை இருக்கறதால மூக்கு தூக்கறதும் குறையும். விலை அதிகம், பாறைல இடிச்சா கதை முடிஞ்சது. அக்ரிலிக் லேசு, மலிவு, சீக்கிரம் கீறும், ஆனா கீறினா நைசான பாலிஷ் பேப்பர் செட் வச்சு வீட்டுலயே தேச்சு எடுத்துடலாம், அதோட வெளிப்பக்க சின்னக் கீறல்ல தண்ணி நிரம்பிட்டா படத்துல பெரும்பாலும் தெரியாது, உள்பக்கக் கீறல் தான் ஆபத்து. ஸ்ப்ளிட் எடுக்கறவங்களுக்கு மட்டும் இந்த சமாதானம் செல்லாது, மேல் பாதில தண்ணி இல்லையே. எந்த டோமா இருந்தாலும் லென்ஸோட முன் வளையத்துல வெள்ளை எழுத்துல பேரு, நம்பரெல்லாம் இருக்கும் பாருங்க, வெளிச்சம் பட்டா அது கண்ணாடியோட உள்பக்கம் எதிரொளிச்சு நீல தண்ணி நடுவுல தலைகீழா எழுத்து மிதக்கும். கறுப்பு டேப் ஒட்டினா போதும்.

ஒலிம்பஸ் டிஜி-6, அதுக்கு அடுத்து வந்த டிஜி-7 மாதிரி காம்பாக்ட் வச்சிருக்கறவங்களுக்கு இந்த தலைவலியே கிடையாது, ஹவுசிங்லயே தட்டைக் கண்ணாடி, அதுக்கு மேல ஒரு வெட் வைட் லென்ஸ் போட்டு போயிட்டே இருக்கலாம், மேக்ரோ கேமராவுக்குள்ளயே இருக்கு. ஆக்ஷன் கேமராவுக்கு விக்கற ஆறு இஞ்ச் டோம் ஸ்ப்ளிட்டுக்கு மட்டும் தான், ஆழத்துக்கு கொண்டு போனா ஒண்ணும் கூடுதலா கெடைக்காது.

சரி, நம்ம ஏ7சி ஆளுக்கு என்ன சொல்றது? முதல் செட்டா ஃப்ளாட் போர்ட்டும் வெட் லென்ஸும், யோசிக்கவே வேண்டாம். ஒரே டைவ்ல வைடும் எடுக்கலாம், கழட்டினா மீன் போர்ட்ரெய்ட்டும் எடுக்கலாம், ஒரு டயாப்டர் சட்டைப்பைல இருந்தா சின்ன உருப்படிகளையும் பாக்கலாம், முக்கியமா போட்ல உக்காந்து போர்ட் மாத்த வேண்டியதில்ல. ஒவ்வொரு தடவை போர்ட் கழட்டும்போதும் தண்ணிய தடுக்கற ரப்பர் வளையமான ஓ-ரிங்ல ஒரு முடி, ஒரு மணல் துகள் உக்கார வாய்ப்பு, தண்ணி உள்ள போனா பாடியும் லென்ஸும் சேந்து போகும். ஆறு மாசம் கழிச்சு நூடிபிராங்க் பைத்தியம் புடிச்சா 90 மேக்ரோவும் அதுக்கான போர்ட்டும், பவளம், சூரியன்னு சாய்ஞ்சா ஃபிஷ்ஐயும் 140 டோமும். எட்டு இஞ்ச் மட்டும் ஸ்ப்ளிட் ஆசை வந்த பிறகு, முடிஞ்சா ஒரு தடவை வாடகைக்கு எடுத்து பாத்துட்டு.

செகண்ட் ஹேண்ட்ல டோம் எடுக்கறதா இருந்தா ரெண்டே விஷயம் பாருங்க. மவுன்ட் ஒத்துப்போகுதான்னு பாக்கணும், நாட்டிகாம்லயே என்120, என்100, என்85ன்னு பல அளவு இருக்கு, பெரிய டோமெல்லாம் பெரும்பாலும் என்120, சோனி ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ் ஹவுசிங் என்100, நடுவுல அடாப்டர் போட்டா அதோட நீளமும் கணக்குல சேரும். ஏன்னா எக்ஸ்டென்ஷன் ரிங் ஒரு பத்து எம்எம் தப்பினாலே என்ட்ரன்ஸ் பியூபில் மையத்த விட்டு நகந்து, எவ்வளவு விலை குடுத்த டோமும் மூலைல குழைஞ்சு நிக்கும், ரிங் நீளமாயிட்டா ஓரத்துல கறுப்பும் வெட்டும். எந்த லென்ஸுக்கு எந்த ரிங்குன்னு ஒவ்வொரு கம்பெனியும் போர்ட் சார்ட் போட்டு வச்சிருக்காங்க, உங்க பாடி, லென்ஸ், டோம் மூணும் ஒரே வரில வருதான்னு பாத்துட்டு விக்கறவர்கிட்ட டோமோட உள்பக்கத்த டார்ச் அடிச்சு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க.